மெஷின் சத்தத்தில் தொனி பிடிக்கும் மென்பொருள் தப்பாகக் காட்டுகிறதா? எங்கே தொடங்கிச் சரிபார்ப்பது

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு, தொழிற்சாலைப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் இப்போதெல்லாம் இதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: பம்ப், மோட்டார், காற்றோட்ட ஃபேன் சத்தத்தைப் பதிவு செய்து, அதில் என்னென்ன தொனிகள் (ஒரே அதிர்வெண்ணில் நிலையாக ஒலிக்கும் சத்தங்கள்) இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் கொடு. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளைத் திறந்தால் ஒரு கோடு மேலும் கீழும் ஓடும். பைத்தான் மொழியில் நிரல் எழுதினால் நூறு எண்களைக் கொட்டும். இருக்கவேண்டிய தொனி இருக்காது, இல்லாதது இருக்கும், வரிசை தாறுமாறாக இருக்கும். சொல்லித்தர ஆள் இல்லாமல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்கின் வரலாறு எதுவும் வேண்டாம், நேராக வேலைக்குப் போவோம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. எல்லாரும் முதலில் கை வைப்பது த்ரெஷோல்டில், அதாவது 'இதற்கு மேல் இருந்தால் தொனி' என்கிற வரம்பில். அதை ஏற்றி இறக்கியே மாலைப்பொழுது போய்விடும். அது ஆறாவது படி. அதற்கு முந்தைய ஐந்தும் சரியாக இல்லாவிட்டால் வரம்பைத் திருகிப் பயனில்லை, அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. அனுமதியும் கையில் இருக்கவேண்டிய தாள்களும்

இதை யாரும் சொல்வதில்லை. கடைசியில் வேலை நிற்பதோ இங்கேதான். போன், ரெக்கார்டர், மடிக்கணினி எது கொண்டுபோனாலும் இடத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். எந்த மெஷின், எந்தத் தேதி, என்ன கருவி, ஒலி மட்டும்தானா படமுமா என்று அதில் இருக்கட்டும். டேட்டா சென்டர், சில்லுத் தொழிற்சாலை போன்ற இடங்களில் கேமரா உள்ள போனையே உள்ளே விடமாட்டார்கள், அல்லது கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவுக்கு நுழைவு அனுமதியே தனி. எரியக்கூடிய ஆவி இருக்கும் பகுதிகளில் சாதாரண போனை எடுக்கவே கூடாது, தீப்பொறி வராதபடி தயாரித்துச் சான்று பெற்ற கருவிதான் வேண்டும். அங்கே 'ரெண்டு நிமிஷம்தானே' என்ற பேச்சுக்கு இடமில்லை.

அனுமதியோடு மூன்று தகவல்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்: மோட்டாரின் நேம்பிளேட் விவரம், ஃபேனுக்கு எத்தனை பிளேடு, நேரடியாக இணைத்ததா பெல்ட் வழியாகவா. இந்த மூன்றும் இல்லாமல் எட்டாவது படி நடக்காது, அதற்காகவே திரும்ப ஒருமுறை அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

பதிவில் சக ஊழியர்களின் பேச்சு விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டே கோப்பை அனுப்புங்கள். யாருடைய பேச்சும் உங்கள் அறிக்கைக்குத் தேவையில்லை.

இன்னொன்று: மனிதவள அமைச்சின் விதிப்படி 8 மணி நேர வேலை நாளுக்குச் சராசரி 85 டெசிபல்-ஏ என்பதுதான் இரைச்சல் வரம்பு. நீங்கள் போடும் தொனிப் பட்டியல் அதற்குச் சான்று ஆகாது. அந்த அளவீட்டுக்குத் தகுதி பெற்றவரும் அளவுத்திருத்தம் செய்த மீட்டரும் தனியாக வேண்டும். மேற்பார்வையாளர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. காதுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொண்டு போங்கள், அது நீங்கள் சும்மா நின்று பதிவு செய்தாலும் பொருந்தும்.

2. செலவு

தொடங்குவதற்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், பைத்தானும் அதன் சைபை என்ற அறிவியல் கணக்குத் தொகுப்பும் இலவசம், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளவீட்டு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. போன் மைக்கே பழகப் போதும், ஆனால் தாழ்ந்த தொனிகளை அது நம்பும்படி பிடிக்காது. வேலை தொடரும் என்று தெரிந்தபிறகு யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கலாம், நூற்றுச் சொச்சம் வெள்ளியிலிருந்து கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கு வரி இல்லை என்ற பழைய பேச்சு 2023 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. கேபிள், அடாப்டர், சின்ன எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு சிம் லிம் டவரைச் சுற்றி வந்தால் போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மென்பொருளை முதல் மாதத்தில் யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள், கீழே சொல்லப்போகும் தவறுகள் அத்தனையும் அதிலும் வரும்.

வகுப்புக்குப் போக ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை, அதாவது பயிற்சிக்கு அரசு தரும் தொகையை, பயன்படுத்தலாமே என்பார்கள். அது 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு. வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு இல்லை, முதலாளியிடம்தான் கேட்கவேண்டும்.

3. பதிவைச் சரியாக எடுங்கள்

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வந்த சத்தத்தை ஆராயாதீர்கள். பேச்சுக்காகச் சுருக்கிய ஒலி அது, மெஷின் தொனியில் பாதியை அது ஏற்கனவே தின்றிருக்கும். வேவ் கோப்பாகப் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் டாக்குமெண்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐபோன் வாய்ஸ் மெமோஸில் ஒலித்தரத்தை இழப்பில்லாதது என்று அமைப்பில் மாற்ற வேண்டும். அதில் வரும் கோப்பு விண்டோஸ் ஆடாசிட்டியில் நேராகத் திறக்காது, எஃப்எஃப்எம்பெக் என்ற துணைத்தொகுப்பை நிறுவவேண்டும். 'கோப்பு கெட்டுப்போச்சு' என்று அழித்துவிடாதீர்கள்.

போனில் இரைச்சல் குறைப்பு, தானாக ஒலியளவைச் சரிசெய்வது இரண்டும் இருந்தால் அணையுங்கள். ஒரே மாதிரி ஓடும் ஃபேன் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அடக்குவதுதான் அதன் வேலை, நமக்கு வேண்டியதோ அந்தச் சத்தம்தான்.

அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெட்டுப்பட்ட அலை பொய் மடங்குகளை உண்டாக்கும்: 1000 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றுதான் இருக்கும், பட்டியலில் 3000, 5000 என்று கூட்டமாக வரும்.

மெஷின் ஓடும்போது ஒரு நிமிடம், அதே இடத்தில் மெஷின் நிற்கும்போது ஒரு நிமிடம். இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பக்கத்து ஏர்கான் கம்ப்ரசரின் தொனி எது, உங்கள் பம்பின் தொனி எது என்று பிரிக்க வழியே இல்லை. கூரைமேல் வேலை என்றால் மழை நேரத்தையும் விடியற்காலையையும் தவிருங்கள், மழை பின்னணியை உயர்த்திவிடும், விடியலில் குயில் தன் பங்குக்குப் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும்.

மடிக்கணினியில் நேராகப் பதிவு செய்யும்போது 50, 100, 150 ஹெர்ட்ஸில் உயரமான கோடுகள் வந்தால் உடனே மோட்டாரைக் குறை சொல்லவேண்டாம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் இன்னொருமுறை பதிவு செய்யுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சார்ஜர் வழியாகவே அது கம்பிக்குள் வந்து உட்காரும். கோடு மறைந்தால் அது மெஷின் இல்லை.

4. தெரிந்த தொனி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆடாசிட்டியில் 1000 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை உண்டாக்கி, அதே அமைப்பில், அதே நிரலில் ஓடவிட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு அதே தொனியை ஒரு போனில் ஒலிக்கவிட்டு உங்கள் மைக்கில் பதிவு செய்து திரும்பவும் ஓட்டுங்கள். முதல் சோதனை தேறி இரண்டாவது தேறவில்லை என்றால் கோளாறு பதிவில். இரண்டுமே தேறவில்லை என்றால் அமைப்பில்.

1000க்குப் பதிலாக 918.75 வந்தால்: 48000 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) பதிவானதை மென்பொருள் 44100 என்று நினைத்துப் படிக்கிறது. 1088 பக்கம் வந்தால் இதற்கு நேர் எதிர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொனிகள் எல்லாமே ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1001.3 வந்தால் கோளாறே இல்லை. எஃப்எஃப்டி என்பது சத்தத்தை அதிர்வெண் கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு, அதன் அளவு என்பது ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கை. 44100 ரேட்டில் எஃப்எஃப்டி அளவு 4096 என்றால் கட்டம் ஒவ்வொன்றும் 10.77 ஹெர்ட்ஸ் அகலம், 1000க்கு மிக அருகில் உள்ள கட்டம் 1001.3. அவ்வளவுதான்.

5000 தொனி கொடுத்து 3000 வந்தால், கோப்பு எங்கோ 8000 ரேட்டுக்கு வடிகட்டாமல் குறைக்கப்பட்டிருக்கிறது, தொனி மடங்கித் திரும்பி வந்திருக்கிறது. பைத்தானில் லிப்ரோசா என்ற ஒலி ஆய்வுத் தொகுப்பைப் பயன்படுத்துவோருக்குத் தனி எச்சரிக்கை: கோப்பைத் திறக்கும்போதே அது தானாக 22050க்கு மாற்றிவிடும், மூல ரேட்டையே வைத்துக்கொள் என்று நீங்கள் சொன்னால்தான் விடும். சொல்லாவிட்டால் 11025 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததெல்லாம் சுவடில்லாமல் போய்விடும். வேகத்தை மாற்றும் டிரைவ் போட்ட மோட்டார்களில் காதைக் குடையும் அந்த உயர்ந்த ஊளைச் சத்தம் 2000 முதல் 16000 ஹெர்ட்ஸ் வரை எங்கும் இருக்கலாம். காதில் கேட்கிறது, பட்டியலில் இல்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதை.

5. எஃப்எஃப்டி அளவு: இங்கேதான் நிறைய நேரம் செலவிடுங்கள்

எஃப்எஃப்டி என்பது சல்லடை மாதிரி. ஓட்டை பெரிதாக இருந்தால் அருகருகே இருக்கும் இரண்டு தொனிகள் ஒன்றாகவே விழும். ஓட்டையின் அளவு என்ன என்றால், சாம்பிள் ரேட்டை எஃப்எஃப்டி அளவால் வகுத்தால் வருவது.

உண்மையான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். நேம்பிளேட்டில் நிமிடத்துக்கு 1450 சுற்று என்று போட்டிருக்கும் மோட்டார். 60ஆல் வகுத்தால் 24.17 ஹெர்ட்ஸ், இது ஷாஃப்ட் தொனி. நேரடியாக இணைத்த ஆறு பிளேடு ஃபேன் என்றால் பிளேடு தொனி 145 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் மூன்றாம் மடங்கு 150. இடைவெளி 5 ஹெர்ட்ஸ்தான். 4096 வைத்தால் கட்டமே 10.77 அகலம், இரண்டும் ஒரே மேடாகத் தெரியும், மென்பொருள் 'ஒரு தொனி' என்று எழுதும். அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். 16384 என்றால் கட்டம் 2.69, பார்க்கப் போதும்போலத் தோன்றும், ஆனால் ஹான் விண்டோ (கணக்குக்கு முன் ஒலித்துண்டின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் வடிவம்) போட்டால் இரண்டு தொனிகளைப் பிரிக்க ஏறத்தாழ இரண்டு கட்டமாவது இடைவெளி வேண்டும், அது 5.4 ஆகிவிடுகிறது, மயிரிழையில் தவறும். 32768 வைத்தால் 1.35, தாராளம்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. நேம்பிளேட்டில் இருப்பது முழுச் சுமையில் ஓடும்போதுள்ள வேகம். சுமை குறைந்தால் நான்கு துருவ மோட்டார் 1500ஐ நெருங்கி ஓடும். 1490இல் ஓடினால் பிளேடு தொனி 149. இப்போது 150க்கும் அதற்கும் இடைவெளி 1 ஹெர்ட்ஸ், 65536கூடப் போதாது, 131072 வேண்டும். அதற்கு ஒரே ஒரு எஃப்எஃப்டி கணக்குக்கே கிட்டத்தட்ட 3 விநாடி ஒலி தேவை, அந்த 3 விநாடியும் வேகம் அசையாமல் இருக்கவேண்டும். டிரைவ் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும் மோட்டாரில் இது நடக்காது, தொனி பல கட்டங்களில் இழுபட்டு மேடு தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட மெஷினுக்கு ஒன்று வேகத்தை நிலையாக வைக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அல்லது சின்ன அளவை வைத்து நேரத்தோடு தொனி எப்படி நகர்கிறது என்று ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள்.

விண்டோ எதைத் தேர்ந்தெடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளவேண்டாம். தொடக்கத்தில் ஹான். செவ்வக விண்டோ வேண்டாம், பெரிய தொனிக்கு இருபுறமும் வெறும் 13 டெசிபல் கீழே பேய்க்கோடுகள் வரும். பெரிய தொனி பக்கத்தில் மிகச் சிறிய தொனியைத் தேடினால் பிளாக்மேன்-ஹாரிஸ்.

6. இப்போது வரம்பு

வரம்பை நிலையான ஒரு எண்ணாக வைக்காதீர்கள். எஃப்எஃப்டி அளவை இரட்டித்தால் பின்னணி இரைச்சல் ஒவ்வொரு கட்டத்திலும் 3 டெசிபல் இறங்கும், தொனி இறங்காது. அதனால் ஐந்தாம் படியில் அளவை மாற்றிவிட்டுப் பழைய வரம்பையே வைத்திருந்தால் அதன் பொருளே மாறிவிடுகிறது. சுற்றியுள்ள மட்டத்தைவிட எவ்வளவு எழுந்து நிற்கிறது என்று பாருங்கள். சைபையில் உச்சிகளைக் கண்டுபிடிக்கும் கட்டளையான ஃபைண்ட் பீக்ஸில் அதற்கு ப்ராமினன்ஸ் என்ற அளபுரு இருக்கிறது, 8 அல்லது 10 டெசிபலில் தொடங்கி, மெஷின் நின்றபோது எடுத்த பதிவில் கிட்டத்தட்ட எதுவும் பிடிபடாத அளவுக்குக் கொண்டுபோங்கள்.

அதே ஃபைண்ட் பீக்ஸில் டிஸ்டன்ஸ் என்று ஒன்று. அது ஹெர்ட்ஸ் இல்லை, கட்டங்களின் எண்ணிக்கை. 5 என்று போட்டால் 65536இல் அது 3.4 ஹெர்ட்ஸ், 4096இல் 54 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளிக்குள் இரண்டு இருந்தால் சிறியதைத் தூக்கி எறிந்துவிடும், நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் 145 அப்படித்தான் காணாமல் போகும்.

பூஜ்யம் ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு வந்தால் அது தொனி இல்லை. மைக்கின் நேர்மின் சாய்வு (டிசி ஆஃப்செட்), அதாவது அலை முழுவதும் பூஜ்யக் கோட்டிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்திருப்பது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே விட்டுவிடுங்கள்.

7. வரிசை குழம்பினால்

தொனி எல்லாம் சரியாகப் பிடித்தபிறகு பட்டியல் கோணலாக வரும். இதில் ஒலி அறிவியல் எதுவும் இல்லை, எல்லாம் எழுத்தர் வேலை, ஆனால் அறிக்கையைத் திருப்பி அனுப்பவைப்பது இதுதான்.

100, 1000, 145, 24 என்று வந்தால் எண்கள் எழுத்தாக வரிசைப்பட்டிருக்கின்றன. எக்செல்லில் செல்லின் இடது ஓரம் ஒட்டி நிற்கும் எண் எண் இல்லை, எழுத்து. எண்ணாக மாற்றிவிட்டு வரிசைப்படுத்துங்கள். பைத்தானில் சிஎஸ்வி கோப்பை நேராகப் படித்தாலும் இதே கதை.

அதிர்வெண் வரிசை சரி, ஆனால் அதன் எதிரே உள்ள டெசிபல் வேறு எதற்கோ உரியது என்றால், ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எக்செல் எச்சரிக்கும், அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சேமித்து மூடிவிட்டால் பிறகு மீட்க வழியில்லை, அதனால் மூலப் பட்டியலின் ஒரு நகலைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

பெரிய தொனி முதலில் வேண்டும் என்றால்: டெசிபல் எண்கள் கழித்தல் குறியோடு இருக்கும், -18 என்பது -62ஐ விடப் பெரியது. யாரோ எழுதிய நிரல் குறியை நீக்கிவிட்டு வரிசைப்படுத்தினால் தலைகீழாகும். ஃபைண்ட் பீக்ஸ் எப்போதும் அதிர்வெண் வரிசையில்தான் கொடுக்கும், அளவு வரிசை வேண்டும் என்றால் நீங்கள்தான் அடுக்கவேண்டும், பைத்தானில் வரிசைப்படுத்தும் கட்டளையான ஆர்க்சார்ட் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் என்பதால் திருப்பிப் போடவேண்டும்.

கோப்புகளும் அப்படியே. விண்டோஸ் திரையில் 2, 3, 10 என்று அழகாக நிற்கும் கோப்புகள் பைத்தானில் 10, 2, 3 என்று வரும். பெயரை 02, 03, 10 என்று வையுங்கள். தேதிக்கு 2025-04-03 என்ற வடிவம். 03/04/2025 என்று வைத்தால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு மார்ச் 4. 13/04/2025ஐ அது தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும், அப்புறம் பாதி தேதி பாதி எழுத்தாக வரிசை எங்கே போகும் என்று சொல்லத்தேவையில்லை.

8. குடும்பம் பிரிப்பது

மின்சாரக் குடும்பம் 50, 100, 150. ஷாஃப்ட் குடும்பம் 24.17இன் மடங்குகள். பிளேடு குடும்பம் 145, 290, 435. பெல்ட் இருந்தால் ஃபேனின் வேகம் மோட்டாரின் வேகம் இல்லை, புல்லி விட்டங்களை வைத்துக் கணக்கிடுங்கள். எதிலும் சேராதவை தனிப்பட்டியல். பேரிங் தொனிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஷாஃப்ட்டின் முழு மடங்காக அவை வருவது அரிது.

பொருந்துவதற்கு எவ்வளவு விலகலை அனுமதிப்பது? ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஷாஃப்ட் தொனியை 0.1 ஹெர்ட்ஸ் தவறாக எடுத்தால் இருபதாம் மடங்கில் அது 2 ஹெர்ட்ஸ் தவறு. எதிர்ப்பக்கமாகப் போகலாம்: தெளிவாகத் தெரியும் உயர்ந்த மடங்கு ஒன்றை எடுத்து அதன் எண்ணால் வகுத்தால் ஷாஃப்ட் தொனி நேரடியாக அளப்பதைவிடத் துல்லியமாகக் கிடைக்கும்.

மோட்டார் 1500ஐ ஒட்டி ஓடும்போது 150 பக்கம் வரும் தொனி மின்சாரமா பிளேடா என்று எந்த மென்பொருளும் சொல்லாது, பட்டியலில் எந்தக் குடும்பம் முதலில் எழுதியிருக்கிறதோ அதில் போட்டுவிடும். நிரலில் இரண்டு பொருத்தம் இருந்தால் இரண்டையும் எழுதும் ஒரு நெடுவரிசை வையுங்கள். முடிவு செய்ய நேரடி வழி: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பொறுப்பானவர் நிறுத்தட்டும், நீங்கள் பொத்தானைத் தொடவேண்டாம். மின்சாரத் தொனி அந்த நொடியே அறுந்துவிடும். பிளேடு தொனி சுற்று குறையக் குறைய ஸ்பெக்ட்ரோகிராமில் சரிந்து இறங்கும்.

9. இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்

யாரிடமாவது கேட்கும்போது திரையின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அனுப்பவேண்டியவை: 20 விநாடி வேவ் துண்டு, மெஷின் நின்றபோது எடுத்த துண்டு, 1000 ஹெர்ட்ஸ் சோதனையில் வந்த எண், சாம்பிள் ரேட், எஃப்எஃப்டி அளவு, விண்டோ, வரம்பு, நேம்பிளேட் வேகம், பிளேடு எண்ணிக்கை. எந்த நிறுவனம், எந்த இடம் என்பதைக் கோப்பின் பெயரிலிருந்தும் நீக்கிவிடுங்கள், முதல் படியில் வாங்கிய அனுமதி வெளியாட்களுக்கு அனுப்புவதற்கும் சேர்த்துத்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.